ஆட்டோஆன்டிபாடின்னா தானியங்கி எதிர்ப்பானா?

"அண்ணே, தானியங்கி எதிர்ப்பான் பாசிட்டிவ்னு வந்திருக்கு, தானா ஆரம்பிச்சது தானாவே நின்னுடுமா?"ன்னு சித்தப்பா பையன் போன்ல கேக்கறான். ரிப்போர்ட்ட அனுப்பச் சொல்லிப் பாத்தா ஜிஏடி65ங்கற புரதத்துக்கு எதிரான ஆட்டோஆன்டிபாடி. கூட இருந்த தமிழ் விளக்கத்துல யாரோ அத 'தானியங்கி எதிர்ப்பான்'னு எழுதி வச்சிருக்காங்க. ஒல்லியான ஆளு, ரெண்டு வருஷமா டைப் 2ன்னு நெனச்சு மாத்திரை போட்டும் சுகர் எறங்கல, இப்பதான் லாடான்னு தெரியுது, அதாவது பெரியவங்களுக்கு மெதுவா வர்ற ஆட்டோஇம்யூன் (உடம்போட எதிர்ப்பு சக்தி தன்னையே தாக்கறதால வர்ற) சர்க்கரை நோய். இந்த நேரத்துல அவனுக்குக் கெடச்ச தமிழ் இது. இதே தப்ப எத்தனையோ தடவ பாத்தாச்சு, அதான் எழுதறேன்.

சொல்லோட கதை சின்னதுதான். ஆட்டோ கிரேக்கச் சொல், 'தான், தன்'னு பொருள். ஆன்டிபாடிங்கறது 1891ல பால் எர்லிக் எழுதின ஜெர்மன் சொல்லோட ஆங்கில வடிவம். உடம்பு தன்னோட பொருளுக்கு எதிராவே உண்டாக்கற எதிர்ப்பான், அவ்வளவுதான்.

இதுல 'இயங்கி' எங்கேந்து வந்துச்சு? ஆட்டோன்னு பாத்த உடனே ஆட்டோமேடிக்னு கை எழுதிடுது. கிருமிக்கு எதிரா வர்ற சாதா எதிர்ப்பானும் யாரும் சொல்லாம தானாதானே இயங்குது? அப்போ தானியங்கிங்கற அடைமொழி எதையும் பிரிச்சுக் காட்டல. பிரிச்சுக் காட்ட வேண்டியது யாருக்கு எதிராங்கறத. ஆட்டோபயோகிராபிய தன்வரலாறுன்னு அழகா சொல்றோம், யாராச்சும் தானியங்கி வரலாறுன்னு சொல்றோமா?

இன்னொரு கூட்டம் 'தன்பிறபொருளெதிரி'ங்குது. பிறபொருளெதிரி ஆன்டிபாடிக்கு நல்ல சொல்தான், எனக்கும் பிடிக்கும், ஆனா முன்னாடி தன் சேர்த்தா தன்னும் பிறவும் ஒரே சொல்லுக்குள்ள முட்டிக்குது, தன்வினை பிறவினை படிச்ச எவருக்கும் இது உறுத்தணும். என் கணக்குல தன்னெதிர்ப்பான்தான் சரி. தன் + எதிர்ப்பான், தனிக்குறில் முன் ஒற்று இரட்டிச்சு இயல்பா வருது, தன்னாட்சி தன்னடக்கம் மாதிரி.

இந்த 'தன்'ல எவ்வளவு விஷயம் இருக்குன்னா, இன்சுலின் எதிர்ப்பான் டெஸ்டையே எடுத்துக்குங்க. டைப் 1ல முக்கியமா பாக்கறது நாலு: ஜிஏடி65, ஐஏ-2, ஜிங்க் டிரான்ஸ்போர்ட்டர் 8, இன்சுலின்ங்கற நம்ம உடம்போட புரதங்கள், இதுகளுக்கு எதிரான தன்னெதிர்ப்பான்கள். ரெண்டோ அதுக்கு மேலயோ இருந்துட்டா சுகர் நார்மலா இருந்தாலும் டைப் 1ஓட முதல் கட்டம்னு எடுத்துக்கறாங்க. டைப் 2லயும், ஒரே ஜீன் கோளாறால வர்ற மோடிங்கற (MODY) சர்க்கரை நோய்லயும் பொதுவா இதுங்க இருக்காது. இதுல இன்சுலின் மட்டும் தனி, ஏன்னா ஊசியில போடற இன்சுலினுக்கு எதிராவும் உடம்பு எதிர்ப்பான் உண்டாக்கும், டெஸ்ட்டுக்கு ரெண்டும் ஒண்ணாதான் தெரியும், அதனாலதான் ஊசி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியோ ஆரம்பிச்ச கொஞ்ச நாளுக்குள்ளயோ அந்த டெஸ்ட்ட எடுக்கச் சொல்றாங்க. ஒண்ணு எதிர்ப்பான், இன்னொண்ணு தன்னெதிர்ப்பான், தமிழ்ல அந்த வித்தியாசம் ஒரே ஒரு 'தன்'. அதப் போய் தானியங்கின்னா தம்பி கேட்ட மாதிரிதான் கேப்பாங்க.

மார்க்கர்ங்கறதுக்கு 'காரணி'ன்னு போடறதும் இதே அவசரம்தான். கணையத்துல இன்சுலின் சுரக்கற பீட்டா செல்ல அழிக்கறதுல பெரிய பங்கு டி செல்கள்ங்கற நோயெதிர்ப்பு செல்களுக்கு. தன்னெதிர்ப்பான் அந்தத் தாக்குதல் நடக்குதுன்னு காட்டிக் கொடுக்கற அடையாளம், அதனால குறிப்பான்னு எழுதணும். காரணின்னு படிச்சவரு "அப்ப ரத்தத்துலேந்து அத எடுத்துட்டா சரியாயிடுமா"ன்னு டாக்டர்ட்ட கேட்டா அது அவரு தப்பு இல்ல, எழுதினவரு தப்பு. மொழிபெயர்க்கறவங்க அந்த டெஸ்ட் எதுக்கு எடுக்கறாங்கன்னு ஒரு தடவ கேட்டுட்டு எழுதுங்க.