வெப்பமானி எதை அளக்கிறது?

2024 மே 29 அன்று பிற்பகலில், டெல்லியின் வடமேற்கு ஓரத்தில் இருக்கும் முங்கேஷ்பூரின் தானியங்கி வானிலை நிலையம் 52.9 டிகிரி செல்சியஸ் என்று காட்டியது. இந்தியாவில் அதுவரை பதிவான உச்சமே 51 டிகிரிதான்; அது 2016 மே மாதம் ராஜஸ்தானின் பலோடியில் பதிவானது. செய்தி சில மணி நேரத்தில் உலகம் முழுக்கப் போய்விட்டது. அதே நாளில், டெல்லியின் முதன்மை நிலையமான சஃப்தர்ஜங்கில் பதிவான உச்சம் 46.8. ஒரே நகரத்துக்குள் ஆறு டிகிரி வித்தியாசம். இந்திய வானிலை ஆய்வுத் துறை ஒரு குழுவை அனுப்பி, சரியென்று தெரிந்த கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தது. முங்கேஷ்பூர் சென்சார் சுமார் 3 டிகிரி கூட்டிக் காட்டுகிறது என்று தெரிந்தது.

கருவிக் கோளாறு என்று பேச்சு அதோடு அடங்கிவிட்டது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றைக் கழித்த பிறகும் முங்கேஷ்பூரில் கிட்டத்தட்ட 50 டிகிரி. அன்று டெல்லியின் இன்னொரு பகுதியான நஜஃப்கரிலும் 49.1 பதிவாகியிருந்தது. அதாவது, அந்த ஆறு டிகிரி வித்தியாசத்தில் பாதி கருவியின் பிழை, மீதிப் பாதி இடத்தின் இயல்பு. நகரத்து வெப்ப அளவீட்டில் உள்ள சிக்கல் முழுவதும் இந்த இரண்டையும் பிரித்தறிவதில்தான் இருக்கிறது.

வெப்பமானி எப்போதும் தன்னுடைய வெப்பத்தைத்தான் காட்டும். அதைச் சுற்றியுள்ள காற்றும் அதே வெப்பத்தில் இருக்கிறது என்பது நாம் செய்துகொள்ளும் அனுமானம். வெயிலில் வைத்தால் சூரிய ஒளியை உறிஞ்சி அது காற்றைவிடப் பல டிகிரி கூடுதலாகச் சூடாகிவிடும். நிழலில் வைத்தாலும், எதிரே வெந்துகிடக்கும் சுவர் அதன் மேல் வெப்பத்தை வீசிக்கொண்டே இருக்கும். அதனால்தான் வானிலை நிலையங்களில் அந்த வெள்ளை மரப்பெட்டி. கலங்கரை விளக்கங்கள் கட்டிய தாமஸ் ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் 19ஆம் நூற்றாண்டில் வடிவமைத்தது அது. வெள்ளை நிறம் ஒளியைத் திருப்பி அனுப்பும். பக்கங்களில் உள்ள சாய்வுப் பலகைகள் காற்றை உள்ளே விட்டு வெயிலைத் தடுக்கும். நம்மைப் போல பூமியின் வட பாதியில் இருக்கும் நாடுகளில் அதன் கதவு வடக்குப் பார்த்துத்தான் இருக்கும். அளவெடுக்கத் திறக்கும்போது வெயில் உள்ளே விழக் கூடாது என்பதற்காக. தரையிலிருந்து சுமார் ஒன்றே கால் மீட்டர் முதல் இரண்டு மீட்டர் உயரம், கீழே புல்தரை. உச்சி வெயிலில் தார் ரோட்டின் மேற்பரப்பு 60 டிகிரியைக்கூடத் தாண்டும். அதை ஒட்டிய காற்றை அளந்தால் கிடைப்பது ரோட்டின் கதை.

தானியங்கி நிலையங்களில் மரப்பெட்டிக்குப் பதிலாக, தட்டுகளைக் கவிழ்த்து அடுக்கியது போன்ற ஒரு சின்ன வெள்ளைக் கூடு இருக்கும். அதற்குள் ஒரு மெல்லிய பிளாட்டினக் கம்பி. பிளாட்டினம் சூடாகச் சூடாக அதன் மின்தடை கூடும். வழக்கமான வகையில் பூஜ்ஜியம் டிகிரியில் சரியாக 100 ஓம், அப்புறம் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 ஓம் ஏறும். எவ்வளவு நுட்பமான விஷயம் பாருங்கள். மூன்று டிகிரி பிழை வருவதற்கு ஒரு ஓமுக்குச் சற்று அதிகமான தடை எங்காவது சேர்ந்தால் போதும். இரண்டே கம்பிகளில் இணைத்திருந்தால், துருப்பிடித்த ஒரு இணைப்பே அதைச் செய்துவிடும். நல்ல கருவிகளில் நான்கு கம்பிகள் வைத்து இணைப்பின் தடையைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவது இதற்காகத்தான்.

இப்படி எப்போதும் ஒரே அளவு கூட்டிக் காட்டும் பிழை ஒரு வகையில் நல்ல பிழை. பக்கத்தில் சரியான கருவியை வைத்தால் பிடிபட்டுவிடும், கழித்துவிடலாம். தொல்லை தருவது கூட்டின் மேல் படியும் தூசியும் கரியும்தான். வெள்ளைக் கூடு பழுப்பாகிவிட்டால், காற்று அசையாத வெயில் நாட்களில் மட்டும் அளவு கூடும். இரவில் சோதித்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். பெருநகரத்தின் புகையில் இது மெல்ல மெல்ல நடப்பதால், நகரம்தான் சூடாகிறது என்று நாம் நம்பிவிடும் அபாயமும் உண்டு.

சரி, கருவி பழுதில்லாமல் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது இடம். உலக வானிலை அமைப்பு, நிலையங்களின் இடத்தை ஐந்து வகுப்புகளாகத் தரம் பிரிக்கிறது. முதல் வகுப்பு என்றால் 100 மீட்டருக்குள் கட்டடமோ கான்கிரீட் பரப்போ இருக்கக் கூடாது. ஐந்தாம் வகுப்பில் இடத்தால் மட்டுமே 5 டிகிரி வரை தவறு வரலாம். பெருநகரத்துக்குள் முதல் வகுப்பு இடத்துக்கு எங்கே போவது? விமான நிலையங்களிலும் பழைய ஆய்வகத் தோட்டங்களிலும் நிலையங்கள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இடம் எவ்வளவு முக்கியம் என்பதை டோக்கியோ அழகாகக் காட்டியது. 2014 டிசம்பரில் அந்த நகரத்தின் அதிகாரபூர்வ நிலையத்தை ஓதேமாச்சி என்ற அலுவலகப் பகுதியிலிருந்து கிதனோமாரு பூங்காவுக்கு மாற்றினார்கள். இடையில் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. மாற்றுவதற்கு முன் சில ஆண்டுகள் இரண்டு இடங்களிலும் சேர்த்தே அளந்தார்கள். பூங்காவின் ஆண்டு சராசரி சுமார் 0.9 டிகிரி குறைவு. இரவுக் குறைந்தபட்ச வெப்பம் சுமார் 1.4 டிகிரி குறைவு. கான்கிரீட் பகலில் குடித்த வெப்பத்தை இரவு முழுக்க விடுகிறது, அதனால் இரவில்தான் வித்தியாசம் பெரிது. தொழிற்புரட்சிக்குப் பின் உலகின் சராசரி வெப்பம் உயர்ந்ததே ஒரு டிகிரியைச் சற்றுத் தாண்டித்தான். நடந்தே போய்விடும் தூரத்தில் ஒரு பெட்டியை நகர்த்தினால் கிட்டத்தட்ட அதே அளவு மாறிவிடுகிறது. சேர்த்து அளக்காமல் மாற்றியிருந்தால், நூறாண்டுப் பதிவில் ஒரு பொய்யான பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் பொறுமைக்காக அவர்களைக் கைகூப்பி வணங்கத் தோன்றுகிறது.

சென்னையில் நுங்கம்பாக்கமும் மீனம்பாக்கமும் தரும் இரண்டு எண்கள் நமக்குப் பழக்கம். மே மாதப் பகலில் மீனம்பாக்கம் கூடுதலாகக் காட்டினால் பெரும்பாலும் அது பிழையல்ல. கடற்காற்று கரையேறி முதலில் நுங்கம்பாக்கத்தைத் தொட்டு, அப்புறம்தான் உள்ளே போகிறது. அந்த இடைவெளியில் மீனம்பாக்கத்தின் வெப்பம் இன்னும் கொஞ்சம் ஏறிவிடும்.

மழைக்கு வந்தால் நிலைமை இன்னும் கடினம். 2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கிய அந்தப் பெருமழையில், 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. இரண்டுக்கும் இடையே சுமார் 20 கிலோமீட்டர்தான். வெப்பத்தில் ஒரு நிலையம் தனித்து நின்றால் சந்தேகப்படலாம். மழையில் தனித்து நிற்பது இயல்பு. அதனால் பழுதான மழைமானி எளிதில் மாட்டுவதில்லை. தானியங்கி மழைமானிக்குள் சீசா பலகை போல இரண்டு குட்டி வாளிகள் ஆடும். ஒன்று நிறைந்து கவிழும்போது ஒரு எண்ணிக்கை ஏறும். அடைமழையில் வாளி கவிழும் அந்த நொடியிலேயே கொஞ்சம் நீர் கணக்கில் வராமல் போகும், அதனால் மழை பலக்கப் பலக்கக் கருவி குறைத்துச் சொல்லும். புனலின் வாயை ஒரு வேப்பிலையும் கொஞ்சம் மண்ணும் அடைத்துக்கொண்டால் இன்னும் மோசம். ஊரே மிதக்கும்போது அது சாரல் என்று எழுதும், பிறகு மழை விட்ட பின்னும் சொட்டுச் சொட்டாக எண்ணிக்கொண்டிருக்கும். அந்தப் புனலுக்குள் எந்த மென்பொருளாலும் கையை விட முடியாது. மாதத்துக்கு ஒருமுறையாவது ஒருவர் ஏணி வைத்து ஏறி, அந்த இலையை எடுத்துப் போட வேண்டும்.