கஸ்கெட் புதிது, முகம் பழையது

பெரும்போக வெட்டுக் காலத்தில் வயல் வட்டைக்குள் நின்றுபோன மெசினுக்கு இரவோடிரவாக ஹெட் கஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழுடலான புளொக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) மாறும். பத்து நாளில் அதே இடத்தால் தண்ணீர் கசியும். பழி முழுக்கக் கஸ்கெட்டின் தலையில் விழும். அனேகமாகப் பிழை அதில் இல்லை, அது உட்கார்ந்த முகத்தில்தான், அதாவது ஹெட்டிலும் புளொக்கிலும் அது படியும் தட்டையான பரப்பில்தான்.

எஞ்சின் நன்றாக ஆறாமல் ஹெட்டைத் தொடக்கூடாது. இறுக்கும் ஒழுங்குக்கு எதிராக, ஓரத்திலிருந்து நடுவுக்கு, இரண்டு மூன்று தடவையாகப் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். சூட்டோடு கழற்றினால் அலுமினியம் ஹெட் வளையும்.

அடுத்து வருவதுதான் எங்கள் கராஜ்களில் அதிகம் கெடும் வேலை. பழைய கஸ்கெட்டை எடுக்கக் கிரைண்டரில் உரசும் தட்டை மாட்டுகிறார்கள். ஐந்து நிமிடத்தில் முகம் கண்ணாடிபோல மினுங்கும், ஆனால் தண்ணீர்த் துளைகளைச் சுற்றிக் குழி விழுந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, கஸ்கெட்டுக்குத் தெரியும். உதிரும் மணல்துகள் ஒயில் வழிக்குள் போனால் கிராங்க் பெயரிங்கையும் தின்னும். அலுமினியத்துக்குப் பிளாஸ்டிக் அல்லது மரச் சுரண்டியும் பொறுமையும் போதும். துளைகளைத் துணியால் அடைத்துவிட்டுச் சுரண்டுங்கள்.

பிறகு நேர்விளிம்புச் சட்டத்தை நீளவாக்கில், குறுக்கே, இரு மூலைவிட்டமாக வைத்து அடியில் இடைவெளி இருக்கிறதா என்று ஃபீலர் கேஜால் (அளவிட்ட மெல்லிய தகடுகளால்) பாருங்கள். சின்ன வாகனங்கள் பலதுக்கும் 0.05 மில்லிமீற்றர் தகடு நுழையாவிட்டால் நல்லது. 0.10 நுழைந்தால் லேத்துக்கு அனுப்பும் யோசனைதான். எஞ்சின் புத்தகம் வேறு அளவு சொன்னால் அதுவே சரி. புளொக்கையும் இப்படியே அளக்க வேண்டும், பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

லேத்தில் "மட்டமாக்கித் தாங்க" என்பதோடு நிறுத்தாதீர்கள். பல அடுக்கு உலோகக் கஸ்கெட்டுக்கு முகத்தின் சொரசொரப்பு 0.8 மைக்ரோனுக்கு மேல் போகக்கூடாது. பழைய நார்க் கஸ்கெட் அதைவிடக் கொஞ்சம் பொறுக்கும். சூட்டில் அலுமினியம் ஹெட் இரும்புப் புளொக்கைப்போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். அதனால் ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் ஹெட், கஸ்கெட்டின் மேல் நகரும். முகம் சொரசொரப்பென்றால் கஸ்கெட்டின் மெல்லிய ரப்பர் பூச்சை அரம்போல அராவிவிடும். டீசல் எஞ்சினில் அதிகம் வெட்டினால் வால்வு பிஸ்டனில் முட்டும், கஸ்கெட்டின் தடிப்பையும் பார்த்து எடுங்கள்.

வாவியோரத்து உவர்க் கிணற்றுத் தண்ணீரும் வாய்க்கால் தண்ணீரும் றேடியேற்றரில் ஊற்றிய ஹெட்டுகளில் தண்ணீர்த் துளையோரம் அரித்திருக்கும். அரிப்பு கஸ்கெட்டின் அடைப்பு வளையம் வரை வந்திருந்தால் சிலிக்கன் தடவி மூடுவது வீண். வெல்டிங் செய்து முகம் வெட்ட வேண்டும், இல்லையேல் ஹெட்டை மாற்ற வேண்டும்.

பூட்டுமுன் தின்னரில் நனைத்த, நூல் உதிராத துணியால் துடைத்தபின் முகத்தில் விரல் படக்கூடாது. நீட்சிப் போல்ட்டென்றால் (இறுக்கும்போது நிரந்தரமாக நீளும் வகை) புதிதே போடுங்கள். போல்ட் துளைகளில் தேங்கிய தண்ணீரையும் ஒயிலையும் காற்றடித்து எடுத்தாக வேண்டும். அடி மூடிய துளையில் திரவம் நின்றால் டோர்க் ரென்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் சாவி) சரியான அளவைக் காட்டும், ஹெட் இறுகியிருக்காது. இன்னும் இறுக்கினால் புளொக்கிலேயே வெடிப்பு விழும்.