‘விலக்கப்பட்ட ஊழியர்’ யார்?

தங்கை மகனுக்கு நியூஜெர்சியில் வேலை கிடைத்தது. அம்மாவுக்குப் புரியட்டும் என்று வேலைக் கடிதத்தை ஒரு மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டான். ‘நீங்கள் விலக்கப்பட்ட ஊழியர்’ என்று வந்தது. “சேர்றதுக்கு முன்னாடியே விலக்கிட்டாங்களாடா?” என்று அவள் பதறிப்போனாள். செயலியை மட்டும் குறை சொல்வானேன்? அமெரிக்கச் சம்பள விதிகளைத் தமிழில் விளக்கும் காணொளிகளிலும் இந்த ‘விலக்கப்பட்டவர்’தான் உலவுகிறார்.

மூலச்சொல் எக்ஸெம்ப்ட், ‘வெளியே எடு’ என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. 1938-ஆம் ஆண்டின் அமெரிக்கத் தொழிலாளர் சட்டம், வாரத்தில் 40 மணி நேரத்தைத் தாண்டிய வேலைக்கு, அதாவது ஓவர்டைமுக்கு, ஒன்றரை மடங்கு கூலி கொடுக்கச் சொல்கிறது. மேலாளர், நிர்வாகி, வல்லுநர் என்று சில வகை வேலையில் இருந்து, வாரத்துக்குக் குறைந்தது 684 டாலர் நிலையான சம்பளமும் வாங்குகிறவருக்கு அந்த ஓவர்டைம் கூலி கிடையாது. அவர்தான் எக்ஸெம்ப்ட் ஊழியர். (2024-இல் இந்த வரம்பை உயர்த்தினார்கள். நவம்பரில் டெக்சஸ் நீதிமன்றம் அதை ரத்து செய்ததால் பழையபடி 684.)

இப்போது தமிழுக்கு வருவோம். ‘மதுவிலக்கு’ என்றால் விலக்கப்படுவது மது. ‘வரிவிலக்கு’ என்றால் வரி. எதை விலக்குகிறோமோ அது முன்னால் வந்து நிற்கும். அந்தக் கணக்கில் ‘விலக்கப்பட்ட ஊழியர்’ என்றால் விலக்கப்பட்டது ஊழியரேதான். என் தங்கை சரியாகத்தான் படித்திருக்கிறாள்.

‘விதிவிலக்கு ஊழியர்’ என்று திருத்துகிறவர்கள் உண்டு. விதிவிலக்கு என்பது நூற்றில் ஒன்று. ஒரு மென்பொருள் அலுவலகத்தில் மாடி முழுக்க விதிவிலக்காகவா உட்கார்ந்திருப்பார்கள்? ‘விலக்களிக்கப்பட்டவர்’ இன்னும் மோசம், ஏதோ சலுகை பெற்றவர் போல ஒலிக்கிறது. இங்கே விலக்குப் பெற்றவர் முதலாளி. ஊழியருக்குக் கிடைத்தது ராத்திரி வேலை. சோழர் கல்வெட்டில் வரி கட்ட வேண்டாத நிலத்தை ‘இறையிலி’ என்று வெட்டினார்கள். எது இல்லை என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. அந்த வழியில் போனால் ‘ஓவர்டைம் இல்லாச் சம்பளக்காரர்’. தனித்தமிழ்தான் வேண்டுமென்றால் ‘மிகைநேர ஊதியமிலி’ என்று எழுதுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ‘விலக்கப்பட்ட’ மட்டும் வேண்டாம்.

அப்புறம் அதே கடிதத்தில் ‘ஹாலிடே பே’ என்பது ‘விடுப்பு ஊதியம்’ ஆகியிருந்தது. ஊருக்கே உள்ளது விடுமுறை. நாம் கேட்டு வாங்குவது விடுப்பு. விடுமுறைக்குச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும் என்று தனியார் நிறுவனங்களுக்கு அமெரிக்க மத்தியச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. மணிக்கணக்குக் கூலிக்காரர் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருந்தால் அன்றைய கூலி போனாலும் போகும். நம் சம்பளக்காரர் திங்கள், செவ்வாய், புதன் வேலை பார்த்து, வியாழனும் வெள்ளியும் நிறுவனமே கதவைச் சாத்தினால் வாரச் சம்பளத்தில் ஒரு சல்லிக்காசு பிடிக்க முடியாது. வாரம் முழுக்க மூடி, அவரும் துளி வேலை செய்யாமல் இருந்தால்தான் பிடிக்கலாம்.

ஆனால் சம்பளத்தைத் தொடாமல், மூடிய நாளை அவருடைய விடுப்பு இருப்பிலிருந்து கழித்துக்கொள்ள நிறுவனத்துக்கு இடம் உண்டு. அதாவது, விடுமுறைக்காக விடுப்பைக் கழிக்கலாம். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடும் மொழிபெயர்ப்பாளர் இந்த வாக்கியத்தை எப்படி எழுதுவார்?