பிறவிச் சிறுநீரக அடைப்பு: காப்பீட்டு அட்டையில் அறுவை சிகிச்சை பெற என்ன செய்ய வேண்டும்?

கர்ப்பகால ஸ்கேனில் 'சிசுவின் சிறுநீரகத்தில் வீக்கம்' என்று வந்தாலே அறுவை சிகிச்சை என்று அர்த்தமில்லை. லேசான வீக்கம் பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும். உண்மையான அடைப்பு என்றால், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்க்குழாய் தொடங்கும் இடம் குறுகியிருப்பதே அதிகம் காணப்படுவது. குறுகிய பகுதியை வெட்டியெடுத்து மறுபடி இணைக்கும் அறுவை சிகிச்சைக்குப் பைலோபிளாஸ்டி என்று பெயர்.

தமிழ்நாட்டில் இதை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்துகொள்ளலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கு உரியது இது. 2018 முதல் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைந்திருக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

குழந்தையின் பெயர் குடும்ப அட்டையில் ஏறாமல் இருப்பதுதான் பலரையும் கடைசி நேரத்தில் அலைய வைக்கிறது. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவுசெய்தால் கட்டணமில்லை. அந்தச் சான்றிதழை வைத்து ஆதாரும் எடுத்துவிடுங்கள். ஐந்து வயதுக்குள் கைரேகை தேவையில்லை. பிறகு குடும்ப அட்டையில் பெயர் சேர்த்து, அதையும் ஆதார்களையும் வருமானச் சான்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள்.

இதற்கெல்லாம் நேரம் இருக்கிறது. பிறந்த முதல் 48 மணி நேரத்தில் குழந்தைக்குச் சிறுநீர் குறைவாகவே சுரக்கும். அப்போது ஸ்கேன் எடுத்தால் வீக்கம் சிறிதாகத் தெரிந்து ஏமாற்றும். அதனால் 3 முதல் 7 நாளுக்குள் ஒன்று, 4 முதல் 6 வாரத்தில் இன்னொன்று என எடுப்பது வழக்கம். ஆண் குழந்தைக்கு இரு பக்கமும் வீக்கமோ, சிறுநீர்ப்பை விரிந்தோ இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. சிறுநீர் வெளியேறும் பாதையான சிறுநீர்த் தாரையில், வால்வு போன்ற சவ்வால் அடைப்பு இருக்கலாம். உடனே பார்க்க வேண்டும். சிறுநீரக வீக்கமுள்ள எந்தக் குழந்தைக்கும் காய்ச்சல் வந்தால் சிறுநீர்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்தது ரீனோகிராம். ஊசிவழி ஐசோடோப் எனும் கதிரியக்கப் பொருளைச் செலுத்தி, சிறுநீரைப் பெருக்கும் மருந்தும் கொடுத்து, எவ்வளவு வேகமாக வடிகிறது என்று பார்ப்பார்கள். பாதி வடிய 20 நிமிடத்துக்கு மேலானால் அடைப்பு என்று சந்தேகிப்பார்கள். இரு சிறுநீரகங்களின் மொத்தச் செயல்பாட்டில் அந்தச் சிறுநீரகத்தின் பங்கு 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ, அடுத்தடுத்த சோதனைகளில் இறங்கிக்கொண்டே வந்தாலோ அறுவை சிகிச்சைக்கு வலுவான காரணம் ஆகிவிடும். குழந்தை நீர்ச்சத்து குறைந்திருந்தாலும், சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தாலும் இல்லாத அடைப்பு இருப்பதாகக் காட்டும். ஆகவே அன்று பால் கொடுப்பதில் குறை வைக்காதீர்கள்.

திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை என்பது மட்டும் போதாது. குழந்தைகள் அறுவை சிகிச்சை அல்லது சிறுநீரகவியல் பிரிவுக்கு அங்கே அங்கீகாரம் உண்டா என்று காப்பீட்டு உதவி மேசையில் கேளுங்கள். அறுவைக்கு முன்பே மருத்துவமனை முன் அனுமதி கோர வேண்டும். வெறும் அல்ட்ராசவுண்டை மட்டும் அனுப்பினால் கேள்வியோடு திரும்பி வர வாய்ப்பு அதிகம்; ரீனோகிராம் அறிக்கையும் சேரட்டும். பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளும் திட்டமல்ல இது.

அரசு மருத்துவமனையில் ஒரு வயது வரை நோயுற்ற குழந்தைக்கு மருந்தும் பரிசோதனையும் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்திலேயே இலவசம். அங்கன்வாடிக்கு வரும் பரிசோதனைக் குழு கண்டுபிடிக்கும் என்று இருந்துவிடாதீர்கள். அவர்கள் தேடும் ஒன்பது பிறவிக் குறைபாடுகளில் சிறுநீரகம் இல்லை. வெளியில் தெரியாத நோய் வேறு.

அறுவையின்போது சிறுநீர் தடையின்றி வடிய உள்ளே டிஜே ஸ்டென்ட் எனும் மெல்லிய குழாயை வைத்திருந்தால், 4 முதல் 6 வாரத்தில் மயக்க மருந்து கொடுத்து எடுக்க வேண்டும். மறந்து விட்டால் அதன்மேல் கல் படியும், கிருமித்தொற்று வரும். எடுக்கும் தேதியை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அதற்குத் தனியாக முன் அனுமதி வேண்டுமா என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள்.