டர்போசார்ஜர் – சுழலியூட்டி: சொல் விளக்கம்

எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகையின் விசையால் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அமுக்கி, அந்தக் காற்றை அதே எஞ்சினுக்குக் கூடுதலாக ஊட்டும் கருவியே டர்போசார்ஜர் ஆகும். பேச்சில் அது 'டர்போ' என்று குறுகிவிட்டது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பழைய சிட்டி கோல்ஃப் கார் ஒன்றை வாங்கி, வீட்டுக்குப் பின்புறம் நிறுத்தி, அதற்கு டர்போ பூட்டும் கனவோடு சம்பளத்தைச் சேர்த்துவைக்கும் நம் இளைஞர்களுக்கு இச்சொல் பழகிய ஒன்று. அதற்குத் தமிழ் என்னவென்று அவர்கள் கேட்கும்போது, அகராதியைப் புரட்டி 'சுழல் மின்னேற்றி' என்று சொல்லிவிடுகிறவர்களும் உண்டு. அது பிழையான ஆக்கம். இக்கருவியில் மின்சாரத்தை ஏற்றும் வேலை எதுவும் நடைபெறுவதில்லை. பிழை எங்கே நுழைந்தது என்பதை அறிய, சொல்லை இரண்டாகப் பிரித்து இரு பாதிகளின் பிறப்பையும் பார்க்க வேண்டும்.

முதற்பாதியான டர்போ இலத்தீனிலிருந்து வந்தது. அம்மொழியில் 'துர்போ' என்பது சூறைக்காற்றையும் பம்பரத்தையும், பொதுவாகச் சுழலும் எதனையும் குறித்தது. அச்சொல்லிலிருந்து, நீரின் விசையால் சுழலும் சக்கரத்துக்கு 'டர்பைன்' என்ற பெயரை 1822இல் உருவாக்கியவர் பிரான்சு நாட்டுப் பொறியாளரான குளோது பூர்தேன். அவருடைய மாணவர் பெனுவா ஃபூர்நேரோன் 1827இல் அதை வேலை செய்யும் பொறியாகவே கட்டிக் காட்டினார். பின்னர் நீராவியால் சுழல்வனவும் வளிமத்தால் சுழல்வனவும் அதே பெயரைப் பெற்றன. டர்பனைச் சூழ்ந்த நேட்டால் பகுதியின் கரும்பாலைகளில், சக்கையை எரித்து உண்டாக்கிய நீராவியால் சுழலும் டர்பைன்கள் ஓடுவதால், காருக்குள் டர்போ வந்து சேர்வதற்கு முன்பே நம் முன்னோருள் ஆலைவேலை பார்த்தோர் பலர் இச்சொல்லைக் காதால் கேட்டிருப்பார்கள். (தமிழில் எழுதும்போது டர்பன், டர்பைன் என இரண்டும் உடன்பிறப்புகளைப் போலத் தோன்றினாலும் உறவு ஏதுமில்லை, நகரத்தின் பெயர் கேப் காலனியின் ஆளுநராக இருந்த பெஞ்சமின் டர்பன் என்பவரிடமிருந்து வந்தது.)

இரண்டாம் பாதியான 'சார்ஜ்' என்பதுதான் மொழிபெயர்ப்பாளர்களை ஏமாற்றுவது. இலத்தீனில் 'கர்ருஸ்' என்பது வண்டி. வண்டியில் சுமையேற்றுவது பிற்கால இலத்தீனில் 'கர்ரிகாரே' ஆயிற்று. அது பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக ஆங்கிலத்தில் நுழைந்து 'சார்ஜ்' என்று நின்றது. ஆகவே அதன் முதற்பொருள் சுமை ஏற்றுதல் என்பதே. துப்பாக்கிக்குள் ஒருமுறை இடும் மருந்தின் அளவும், உலையில் ஒருமுறை கொட்டும் தாதுவின் அளவும், எஞ்சின் சிலிண்டருக்குள் ஒருமுறை புகும் காற்று எரிபொருட் கலவையின் அளவும் ஆங்கிலத்தில் அச்சொல்லாலேயே சுட்டப்படுகின்றன. மின்சாரத்தைக் குறிக்கும் பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. கைபேசிகள் பெருகிய பிறகு அந்தப் பிற்பொருளே நமக்கு முதலில் நினைவுக்கு வருவதால் 'மின்னேற்றி' என்ற பிழை நேர்கிறது. 'கார்' என்ற சொல்லும் அதே கர்ருஸிலிருந்து பிறந்ததுதான் என்பதைச் சொல்லாமல் கடந்து போக மனம் வரவில்லை.

பிற மொழிகள் இப்பொருளைச் சரியாகவே பிடித்துள்ளன. செர்மானியர் இதனைச் சுமையேற்றி என்ற பொருள்பட 'டூர்போலாடர்' என்கிறார்கள். இந்நாட்டு ஆப்பிரிக்கான்ஸ் மொழி, முன்னோக்கி விரட்டுவது என்ற பொருளில் 'டர்போஆன்யாயர்' என்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் ஏற்றும் வேலையை விட்டுவிட்டு அமுக்கும் வேலையை எடுத்துக்கொண்டு 'தூர்போகோம்ப்ரெஸர்' என்று பெயரிட்டார்கள்.

கருவியின் வரலாறு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூகியிடமிருந்து தொடங்குகிறது. அவரது செர்மானியக் காப்புரிமைக்கு உரிய நாள் 1905 நவம்பர் 16. 1860இல் அதே நவம்பர் 16ஆம் நாளில்தான் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்துக்கு வந்தது என்பதால், நம் ஊரில் அந்தத் தேதியை யாரும் மறக்கமாட்டார்கள். பூகியின் எண்ணம் பயன்பாட்டுக்கு வர இருபது ஆண்டுகள் பிடித்தன. 1920களின் நடுவில் இரண்டு செர்மானியப் பயணக் கப்பல்களின் டீசல் எஞ்சின்கள் இக்கருவியின் துணையால் 1,750 குதிரைத்திறனிலிருந்து 2,500 குதிரைத்திறனுக்கு உயர்ந்தன. இதற்கிடையில், காற்று மெலிந்த உயரத்தில் விமானங்கள் வலுவிழப்பதைத் தடுக்க, 1918இல் அமெரிக்கரான சான்ஃபோர்டு மாஸ் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் மலையுச்சிக்கு லிபர்ட்டி விமான எஞ்சினை ஏற்றிச் சென்று சோதித்தார். அக்காலத்துப் பெயர் 'டர்போசூப்பர்சார்ஜர்' என்பதாகும். எஞ்சினின் அச்சிலிருந்து பட்டையாலோ பற்சக்கரத்தாலோ ஓட்டப்படும் காற்றூட்டிக்குச் சூப்பர்சார்ஜர் என்று பெயர் இருந்ததால், புகையால் ஓடும் வகையைப் பிரித்துக் காட்ட முன்னே டர்போ என்ற சொல்லைச் சேர்த்தார்கள். நடுவில் இருந்த 'சூப்பர்' பிறகு உதிர்ந்துபோனது. விற்பனைக் கார்களில் இக்கருவி முதன்முதலாக 1962இல் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், செவ்ரோலே கார்வேர் ஆகிய இரண்டிலும் வந்தது. 1980களுக்குப் பிறகு டர்போ என்பது வேகத்துக்கு மறுபெயராகி, கணினியின் முகப்புப் பொத்தானிலும் தூசு உறிஞ்சியின் அட்டைப்பெட்டியிலும் அச்சாகியது. அப்பொருட்களுக்குள் டர்பைன் இருந்தாக வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

இச்சொல்லில் காதுக்கு இனிப்பது முதற்பாதி. கார் கட்டுகிறவனுக்கு வேண்டுவது இரண்டாம் பாதி. எந்த நிறுவனத்து டர்போ, எவ்வளவு பெரியது என்பதிலிருந்து திட்டத்தைத் தொடங்குகிறவர்களே மிகுதி. ஆனால் சுமை எவ்வளவு, அதாவது எஞ்சினுக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பதை முதலில் எழுதிவைத்தால் மற்றவை அனைத்தும் அதிலிருந்து வரிசையாக வந்து விழும். எடுத்துக்காட்டாக, 1.8 லிட்டர் கோல்ஃப் எஞ்சினிலிருந்து 150 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 200 குதிரைத்திறன் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் எஞ்சினில் ஒவ்வொரு 10 குதிரைத்திறனுக்கும் நிமிடத்துக்குச் சுமார் 0.45 கிலோ காற்று தேவைப்படும் என்பது கட்டுவோர் கையாளும் தோராயக் கணக்கு. அதன்படி 200 குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு 9 கிலோ காற்று வேண்டும். அந்த எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும்போது, யாரும் ஊட்டாமல் தானாக இழுத்துக்கொள்ளும் காற்று கடற்கரை மட்டத்தில் சுமார் 5.5 கிலோதான். எனவே சிலிண்டருக்குள் புகும் காற்றின் அடர்த்தியை 1.6 மடங்குக்கு மேல் உயர்த்தியாக வேண்டும். டர்போ காற்றை அமுக்கி ஊட்டும்போது கலவையை எரிபொருள் மிகுந்ததாக, 12 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற அளவில் வைத்தால், முழு வேகத்தில் நிமிடத்துக்கு 0.75 கிலோ, அதாவது ஏறக்குறைய ஒரு லிட்டர் பெட்ரோல் செல்லும். பெட்ரோலைத் தூவும் நான்கு இன்ஜெக்டர்களும் ஆளுக்குக் கால் லிட்டர் தர வேண்டும். அவற்றை இடைவிடாமல் திறந்து வைக்கக் கூடாது என்பதால், நிமிடத்துக்கு 300 மில்லிலிட்டருக்குக் குறையாதவற்றை வாங்க வேண்டும். பெட்ரோல் பம்ப், கிளட்ச், பிரேக், எஞ்சினை ஆளும் கணினி ஆகியவற்றின் செலவும் இந்த 9 கிலோ என்ற ஒற்றை எண்ணிலிருந்தே கிளைக்கிறது. டர்போவின் அளவை, அதை விற்பவர் தரும் காற்றளவு வரைபடத்தில் இந்த எண்ணை வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே முறை.

'பூஸ்ட்' என்னும் சொல் இங்கே வருகிறது. தமிழ்நாட்டு உறவினரிடம் இச்சொல்லைச் சொன்னால் பாலில் கலந்து குடிக்கும் மாவையே அவர்கள் நினைப்பார்கள். எஞ்சின் பேச்சில் அது சுற்றுப்புறக் காற்றழுத்தத்துக்கு மேல் டர்போ சேர்க்கும் அழுத்தம். 'மிகையழுத்தம்' என்பது பொருந்தும் தமிழ். மிகை என்றால் எதற்கு மேல் மிகை என்ற கேள்வி அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் கேள்வி இந்நாட்டில் மிகவும் தேவையானது. டர்பன் கடற்கரையில் சுற்றுப்புற அழுத்தம் ஏறத்தாழ 1 பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). 1,750 மீட்டர் உயரத்தில் உள்ள ஜோகன்னஸ்பர்க்கில் அது 0.83 பார் அளவே. கருவிமுள் இரண்டு ஊர்களிலும் 0.7 பார் என்று காட்டினாலும், எஞ்சினுக்குள் செல்லும் முழு அழுத்தம் டர்பனில் 1.7 பாராகவும் ஜோகன்னஸ்பர்க்கில் 1.53 பாராகவும் இருக்கும். அங்கேயும் 1.7 பார் வேண்டுமென்றால், அமுக்கிச் சக்கரம் காற்றை 1.7 மடங்குக்குப் பதிலாக 2 மடங்குக்கு மேல் அமுக்க வேண்டும். ஆகவே இன்னும் விரைவாகச் சுழலவும் வேண்டும். டர்போ இல்லாத காருக்கு அந்த உயரத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு வலு குறைந்துவிடும். ஜோகன்னஸ்பர்க்குக்கும் பிரிட்டோரியாவுக்கும் இடையில் உள்ள கியாலாமி ஃபார்முலா ஒன் பந்தயத் தடத்தில் ரெனோ நிறுவனத்தின் டர்போ கார் 1979இல் முதலிடத்திலிருந்து புறப்படும் உரிமையைப் பெற்றதற்கும், 1980இல் ரெனே ஆர்னூவும் 1982இல் அலேன் ப்ரோஸ்டும் அங்கே வென்றதற்கும் இந்த மெலிந்த காற்று பெரிதும் துணைநின்றது. டர்போ காரில் உலகப் பட்டம் வென்ற முதல் ஓட்டுநரான நெல்சன் பிக்கே, 1983 அக்டோபரில் அப்பட்டத்தை உறுதிசெய்ததும் அதே தடத்தில்தான்.

பெட்ரோல் தேர்விலும் இதே காரணம் நுழைகிறது. உள்நாட்டு மேட்டு நிலத்தில் 93 ஆக்டேன் (தட்டலைத் தாங்கும் திறனின் அளவு) பெட்ரோல் விற்கப்படுவதற்குக் காரணம், மெலிந்த காற்றில் சாதாரண எஞ்சினுக்குள் அழுத்தம் குறைந்து, கலவை தானாக வெடித்துத் தட்டும் வாய்ப்பும் குறைவதே. டர்போவோ குறைந்த அழுத்தத்தை மீண்டும் நிரப்பிவிடுகிறது. அதனால் டர்போ காருக்கு அங்கேயும் 95 ஆக்டேனையே ஊற்ற வேண்டும்.

அமுக்கப்பட்ட காற்று சூடாகும். 30 பாகை வெயிலில் உள்ள காற்றை 1.7 மடங்கு அமுக்கினால், அது ஏறத்தாழ 100 பாகை செல்சியஸில் வெளிவரும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, தட்டலையும் தூண்டுவது. அதனைக் குளிரவைக்கும் கருவியான இண்டர்கூலருக்கு 'இடைக்குளிர்வி' என்ற சொல் வழங்குகிறது. விமானங்களில் இரண்டு அமுக்கிகளுக்கு இடையே வைக்கப்பட்டதால் வந்த பெயர் அது. ஒரே அமுக்கியுள்ள காரில் பின்குளிர்வி என்பதே நுட்பமாகப் பொருந்தும். ஆயினும் டர்போவுக்கும் எஞ்சினுக்கும் இடையில் இருப்பதால் இடைக்குளிர்வி என்ற சொல்லை மாற்ற வேண்டியதில்லை.

'வேஸ்ட்கேட்' என்பதற்கு நான் கண்ட ஆக்கங்களில் 'கழிவு வாயில்' பரவலானது. அது குப்பைத்தொட்டியை நினைவூட்டுகிறது. டர்பைன் சக்கரத்துக்கு வரும் புகை தேவைக்கு மேல் போனால், மிச்சத்தைச் சக்கரத்தில் படாமல் பக்கவழியாக விட்டு, மிகையழுத்தம் எல்லை மீறாமல் காக்கும் கதவு அது. ஏரி நிரம்பியதும் மிச்சநீரைத் தானே வெளியேற்றிக் கரையைக் காக்கும் அமைப்புக்குத் தமிழில் கலிங்கு என்று பெயர். செய்யும் தொழில் இரண்டிலும் ஒன்றாக இருப்பதால், 'புகைக் கலிங்கு' என்று வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. ஏரியையே பார்த்திராத டர்பன் இளைஞர்களுக்கு அச்சொல்லை விளக்க வேண்டியிருக்கும் என்பது உண்மைதான். வேஸ்ட்கேட்டையும் அவர்களுக்கு யாரோ ஒருவர் விளக்கித்தானே ஆக வேண்டும்.

இனி முதன்மைச் சொல்லுக்கு வருவோம். டர்பைனுக்குச் சுழலி, விசைச்சுழலி, விசையாழி ஆகிய மூன்றும் வழக்கில் உள்ளன. கறங்குதல் என்னும் பழஞ்சொல்லுக்குச் சுழலுதல், ஒலித்தல் என்ற இரு பொருளும் உண்டு. நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழன்று சீழ்க்கையடிக்கும் இக்கருவிக்கு அதைவிடப் பொருத்தமான வேர் கிடைப்பது அரிது. ஆனால் 'கறங்கி' என்றால் இன்று யாருக்கும் புரியாது. சார்ஜர் என்பதன் உண்மைப் பொருளை 'ஊட்டி' தாங்குகிறது: தன்னால் எடுத்துக்கொள்ள இயலாத அளவை இன்னொருவர் துணைநின்று தருவதே ஊட்டுதல். எனவே சூப்பர்சார்ஜருக்கு மீயூட்டி எனவும் டர்போசார்ஜருக்குச் சுழலியூட்டி எனவும் வழங்கலாம். பேச்சில் டர்போ என்று சொல்வதில் குற்றமில்லை. மொழிமுதலில் டகரம் வரக்கூடாது என்ற இலக்கண விதியைக் காட்டி அதைத் 'தர்போ' என்று திருத்துவது வீண் வேலை.

ஊட்டு என்ற வேரை எடுத்துக்கொண்டால் வினைச்சொற்களும் எளிதில் அமைகின்றன. டர்போ பொருத்தியதை ஊட்டிய எஞ்சின் என்றும், பொருத்தாததைத் தன்மூச்சு எஞ்சின் என்றும் எழுதலாம். பின்னதன் ஆங்கிலப் பெயரிலும் மூச்சிழுத்தலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே இருக்கிறது. தன்மூச்சு எஞ்சினில், சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பதைக் காட்டும் அமுக்க விகிதம் 10க்கு 1 என்ற அளவிலோ அதற்கு மேலோ இருக்கலாம். பின்னாளில் ஊட்டிய எஞ்சினாக மாற்றும்போது பெரும்பாலும் அதை 8.5க்கும் 9.5க்கும் இடையில் குறைத்து, அதற்குரிய பிஸ்டன்களையும் திட்டச் செலவில் சேர்த்துக்கொள்வார்கள்.