எருவில் வளர்க்கும் நோய்த்தடுப்பு: பாரம்பரிய வேளாண்மைத் திட்டத்தில் டெல்டா விவசாயிக்கு என்ன கிடைக்கும்?

தமிழ்நாட்டில் உருளைக்கிழங்கு பெரும்பாலும் மலைப்பயிர். ஆனால் நீலகிரியில் அதன் தோலில் கருப்புப் பொருக்கு விழவைக்கும் ரைசோக்டோனியா பூஞ்சைதான் நம் டெல்டா நெல்லில் இலையுறைக் கருகலாகவும், கொள்ளிடப் படுகைக் கத்தரி, மிளகாய் நாற்றங்காலில் நாற்றழுகலாகவும் வருகிறது. மண்ணில் தங்கும் இதுபோன்ற நோய்க்கு மட்கிய எருவில் டிரைக்கோடெர்மா என்ற, நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையைக் கலந்து போடுவது பழகிய வழி. அந்தச் செலவில் ஒரு பங்கை, ரசாயனம் போடாத இயற்கை வேளாண்மைக்காக மத்திய அரசு நடத்தும் பாரம்பரிய வேளாண்மை மேம்பாட்டுத் திட்டத்தில் (பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனா) பெறலாம்.

2015-இல் தொடங்கிய இத்திட்டத்தில் இப்போது ஹெக்டேருக்கு மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து 31,500 ரூபாய் ஒதுக்குகிறார்கள். உங்கள் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வருவது அதில் 15,000 மட்டும். அது எரு, உயிர் உரம் முதலான இயற்கை இடுபொருளுக்கு. மீதி பயிற்சி, சான்றிதழ், விற்பனைக்குப் போகிறது. ஒருவருக்கு 2 ஹெக்டேர் வரைதான். கணக்குப் போட்டால் ஏக்கருக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 ரூபாய். எருவை விலைக்கு வாங்குபவருக்கு இது எந்த மூலைக்கு? வீட்டில் மாடு இருந்தால் கட்டுப்படியாகும்.

தனி ஆளாகச் சேர முடியாது. 20 ஹெக்டேர், அதாவது சுமார் 50 ஏக்கர் தொகுப்பாகக் குழு அமைக்க வேண்டும். டெல்டாவில் சிக்கலே இங்கேதான். வாய்க்கால் தண்ணீர் வயலுக்கு வயல் பாய்கிறது. மேல்வயலில் யூரியா போட்டால் அது நம் வயலுக்கும் வரும். அதனால் ஒரே மதகில் பாயும் வயல்காரர்கள் சேர்ந்து குழு அமைப்பதே புத்திசாலித்தனம். ரசாயனம் போடும் வயலை ஒட்டி இடைவெளி விடச் சொல்வதும் இதனால்தான்.

போடும் முறை எளிது. ஹெக்டேருக்கு 2.5 கிலோ டிரைக்கோடெர்மா விரிடி, 50 கிலோ நன்றாக மட்கிய தொழு உரம். ஏக்கருக்கென்றால் 1 கிலோவுக்கு 20 கிலோ. நிழலில் கலந்து, பிடித்தால் பிடிபடும் அளவு ஈரம் தெளித்து, நனைந்த சாக்கால் மூடிவையுங்கள். சில நாளில் பச்சைப் பூசணம் படரும். அதைக் கண்டு பயந்து கொட்டிவிடாதீர்கள், வேண்டியது அதுதான். பாக்கெட்டில் காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள், வெயிலில் வைக்காதீர்கள்.

எல்லா நோய்க்கும் இது மருந்தல்ல. உருளைக்கிழங்கு, தக்காளியைத் தாக்கும் பின்பருவ இலைக்கருகல் காற்றில் பரவுவது. மண்ணில் போட்ட எரு அதை நிறுத்தாது. போர்டோ கலவை போன்ற தாமிர மருந்துக்கு இயற்கை வேளாண் விதிகளில் கட்டுப்பாட்டோடு இடம் உண்டு. குழுவில் கேட்டுவிட்டு அடியுங்கள். அடித்த தேதியையும் அளவையும் பண்ணைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். சான்றிதழுக்குப் பார்க்க வருபவர்கள் முதலில் கேட்பது அந்த நோட்டைத்தான்.

காய்கறிக்காரர்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்திலும், நெல்காரர்கள் வேளாண்மை விரிவாக்க மையத்திலும் கேட்கலாம். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல்களைக் கையோடு கொண்டுபோங்கள்.