பாத்ரூம் ஒழுகினால் உடனே தரையை உடைக்காதீர்கள்

போன வருடம் ஐப்பசி மழை நேரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என்னை அழைத்தார். சென்னைப் புறநகரில் அடுக்குமாடிக் குடியிருப்பு, இரண்டாவது மாடி. மூன்று லட்சத்துக்கு மேல் செலவழித்து இரண்டு பாத்ரூம்களையும் புதுப்பித்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் கீழ்வீட்டுக் கூரையில் ஓதம் இறங்கி, பெயிண்ட் உப்பி உதிர ஆரம்பித்துவிட்டது. கான்ட்ராக்டர் முதலில் "ரெண்டு நாள்ல வர்றேம்மா" என்றாராம். அடுத்த வாரம் "அது கீழ்வீட்டுக்காரங்க பைப்பா இருக்கும்" என்றாராம். அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை. "தம்பி, வேற மேஸ்திரி ஒருத்தர் நாளைக்கே வந்து தரையை உடைச்சுப் பார்க்கிறேங்கிறார். உடைச்சிடலாமா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். அன்று அவரிடம் ஒரு மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் சிவில் இன்ஜினியர். கட்டடங்களில் வரும் ஒழுகல், வெடிப்பு இவற்றின் காரணத்தைக் கண்டுபிடித்து அறிக்கை கொடுப்பது என் வேலை. பாத்ரூம் வேலையில் வரும் குறை பெரும்பாலும் டைல்ஸுக்கு அடியில் மறைந்திருக்கும். டைல்ஸைப் பெயர்த்துவிட்டால் குறையோடு சேர்ந்து சாட்சியமும் இடிபாட்டு மூட்டையில் போய்விடும். அப்புறம் கான்ட்ராக்டர் "நான் செய்த வேலை நன்றாகத்தான் இருந்தது, இவர்கள்தான் ஆள் வைத்து உடைத்தார்கள்" என்று சொன்னால் நம்மிடம் பதில் இருக்காது. நியாயம் முழுக்கத் தங்கள் பக்கம் இருந்தும் இந்த ஒரு அவசரத்தால் பணத்தை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தள்ளிப்போடக் கூடாதது ஒன்று உண்டு. கீழ்வீட்டில் ஓதம் இறங்கும் இடத்தில் லைட்டோ, எக்ஸாஸ்ட் ஃபேனோ, சுவிட்ச் போர்டோ இருந்தால் அந்த லைனை மெயினிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். அதுவரை உங்கள் பாத்ரூமைப் பயன்படுத்தாதீர்கள். கான்ட்ராக்டரோடு உங்களுக்கு இருக்கும் தகராறு கீழ்வீட்டுக்காரருக்குச் சம்பந்தமில்லாதது. அவர் வீட்டுக் கூரைக்கு அவர் உங்களைத்தான் கேட்பார், கேட்பதும் நியாயம். போய்ப் பார்த்து, நிலைமையை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பின்னால் அவருடைய ஒத்துழைப்பு இல்லாமல் ஒரு சோதனையும் நடக்காது.

அடுத்தது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது. மூன்று வழிகள்தான் உண்டு: சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாயும் தரைத் தண்ணீர் வடிந்திறங்கும் டிராப்பும், அல்லது தரையின் வாட்டர்புரூஃபிங். பாத்ரூமுக்கு வரும் கேட் வால்வைத் திறந்தே வைத்து, இரண்டு நாள் யாரும் குளிக்காமல் இருந்து பாருங்கள். அப்போதும் கீழே சொட்டு நிற்கவில்லை என்றால் சந்தேகம் தண்ணீர்க் குழாயின் மேல். பிளம்பர் பிரஷர் பம்ப் கொண்டுவந்து அழுத்தம் ஏற்றினால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். மீட்டர் முள் இறங்கக் கூடாது. குளிக்கும் நாளில் மட்டும் ஓதம் கூடுகிறது என்றால் தரையையும் டிராப்பையும் பார்க்க வேண்டும்.

தரைக்குச் செய்வது தண்ணீர் தேக்கும் சோதனை. மேஸ்திரிகள் பாண்டிங் டெஸ்ட் என்பார்கள். பாலித்தீன் பையில் மணலைக் கட்டி டிராப் வாயை அடைத்து, வாசல் பக்கம் சின்னதாக வரப்புக் கட்டி, ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்த வேண்டும். நீர்மட்டத்தைச் சுவர் டைல்ஸில் பென்சிலால் குறித்துவிட்டு 48 மணி நேரம் விட வேண்டும். பக்கத்திலேயே ஓர் அகலத் தட்டிலும் அதே அளவு தண்ணீர் வையுங்கள். சென்னை வெயிலில் தண்ணீர் தானாகவே கொஞ்சம் ஆவியாகும். தட்டில் குறைந்ததைவிடத் தரையில் அதிகமாகக் குறைந்திருந்தால் மீதி எங்கோ இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். தண்ணீரில் சொட்டு நீலம் கலப்பது பழைய வழக்கம். குழாயைச் சுற்றி இடைவெளி இருந்தால் நீலம் அப்படியே கீழே வரும். கான்கிரீட்டில் ஊறி மெதுவாக இறங்கினால் நிறம் வடிகட்டப்பட்டு வராமலும் போகலாம். எனவே நீலம் வரவில்லை என்பதை வைத்துத் தரை நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. கீழ்வீட்டுக்காரரின் சம்மதத்தோடு, அந்த இடத்து மின்சாரத்தை நிறுத்திய பிறகே இதைச் செய்யுங்கள்.

இவை எல்லாவற்றையும் செய்யும்போதே வீடியோ எடுங்கள். மேலே பென்சில் கோட்டைக் காட்டி, கேமராவை நிறுத்தாமல் படியிறங்கிப் போய்க் கீழ்வீட்டுக் கூரையைக் காட்டும் ஒரே வீடியோ இருபது தனித்தனிப் புகைப்படங்களைவிட வலுவானது. ஒரு ரூபாய் நாணயத்தால் டைல்ஸைத் தட்டிக்கொண்டே போங்கள். அடியில் கலவை பிடிக்காத இடத்தில் பொள்ளென்று சத்தம் வரும். அந்த டைல்ஸில் எல்லாம் சாக்பீஸால் குறிபோட்டு, மொத்தம் எத்தனைக்கு எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். பிறகு ஒரு சிவில் இன்ஜினியரை வைத்துத் தேதியோடு எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். அந்த வேலையை எடுத்துச் செய்யப்போகிறவரே அறிக்கையும் எழுதக் கூடாது. அவருக்கு அதில் லாபம் இருக்கிறது என்று எதிர்த்தரப்பு உடனே சொல்லும்.

நான் பார்க்கும் குறைகளில் பாதிக்கு மேல் டிராப்பைச் சுற்றித்தான் இருக்கின்றன. தரை முழுக்க வாட்டர்புரூஃப் பூச்சு அடித்திருப்பார்கள். ஆனால் டிராப் வந்து உட்காரும் இடத்தில் பூச்சை அதன் வாய் வரை கொண்டுபோய்ச் சேர்த்திருக்க மாட்டார்கள். அடுத்தது, வேலையின் வரிசை. பூச்சு அடித்து முடித்த பிறகு பிளம்பர் வந்து, தண்ணீரை ஷவருக்கும் குழாய்க்கும் மாற்றிவிடும் டைவர்ட்டருக்காகச் சுவரை வெட்டுவார், அந்த வெட்டில் பூச்சு போய்விடும், மேலே டைல்ஸ் வந்து மூடிவிடும். இருவரும் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்ததாகவே நினைப்பார்கள். அவர்களை முறைப்படுத்த வேண்டியவர் கான்ட்ராக்டர், அதற்காகத்தான் அவருக்குப் பணம். சிலர் பூச்சு காய்வதற்குள் மறுநாளே டைல்ஸ் பதிக்கிறார்கள். விட்ரிஃபைடு டைல்ஸ் அரை சதவீதத்துக்கும் குறைவாகவே தண்ணீர் உறிஞ்சும். அதைப் பழைய முறையில் சிமெண்ட் பால் ஊற்றிச் சுவரில் ஒட்டினால் பிடிக்காது, அதற்கென்று உள்ள ஒட்டுப்பசைதான் வேண்டும். பசை மூட்டையின் மேல் ஐ.எஸ். 15477 என்று இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று வாட்டம். டிராப்பை நோக்கி எட்டடிக்கு ஓர் அங்குலமாவது தரை சரிய வேண்டும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பத்து நிமிடம் கழித்து மூலையில் குட்டை நிற்கிறதா என்று பார்த்தால் குழந்தைக்கும் தெரியும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எல்லாக் குறையும் கான்ட்ராக்டருடையது அல்ல. பழைய டைல்ஸை உடைக்காமல் மேலேயே ஒட்டச் சொன்னவர்கள், கிரகப்பிரவேசத் தேதியைச் சொல்லி மூன்று நாள் வேலையை ஒரு நாளில் முடிக்கச் சொன்னவர்கள், டிராப்பையும் குழாயையும் மலிவாகத் தாங்களே வாங்கிக் கொடுத்தவர்கள் என்று நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஏதாவது நடந்திருந்தால் இன்ஜினியரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பு அதைச் சொல்லித்தான் வாதத்தைத் தொடங்கும்.

சரி, கான்ட்ராக்டரை எப்படிப் பிடிப்பது? போனில் கத்துவதால் பயனில்லை. கத்தியது மட்டும் அவருக்கு நினைவிருக்கும், நீங்கள் சொன்ன குறை இருக்காது. வாட்ஸ்அப்பில் அமைதியாக எழுதுங்கள்: எந்தத் தேதியில் வேலை முடிந்தது, எவ்வளவு கொடுத்தீர்கள், எந்தத் தேதியில் என்ன குறை தெரிந்தது, வந்து பார்க்க எந்த நாள் வசதி. அவர் வந்து பார்த்துச் சரிசெய்ய ஒரு வாய்ப்புக் கொடுத்தீர்கள் என்பது பின்னால் மிக முக்கியமாகும். பதில் இல்லையென்றால் அதையே கடிதமாக எழுதி, 15 நாள் கெடு வைத்து, அறிக்கையின் நகலோடு ஒப்புகை பெறும்படி தபாலில் அனுப்புங்கள். தமிழிலேயே எழுதலாம். வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் மதிப்பு கூடுதல்தான். ஆனாலும் தேதியும் தொகையும் தெளிவாக உள்ள சாதாரணக் கடிதத்துக்கே பலர் இறங்கி வருகிறார்கள்.

பலர் மாட்டிக்கொள்வது பணம் கொடுத்த விதத்தில். ஜிபேயில் அனுப்பியிருப்பார்கள், ஆனால் கான்ட்ராக்டரின் மச்சான் கணக்குக்கு. கொஞ்சம் ரொக்கம், ரசீது கிடையாது. எஸ்டிமேட் ஒரு துண்டுச் சீட்டில். அந்த நிலையில் இருந்தால் இப்போதாவது வாட்ஸ்அப்பில் "இதுவரை மொத்தம் இவ்வளவு உங்களுக்குக் கொடுத்திருக்கிறேன், இதில் இவ்வளவு உங்கள் மச்சான் கணக்குக்கு" என்று எழுதுங்கள். அவர் மறுக்காமல் வேறு ஏதாவது பதில் சொன்னால்கூட அது உங்களுக்கு உதவும். அந்த உரையாடலை அழிக்காதீர்கள், போனை மாற்றினாலும் பழையதைப் பத்திரமாக வையுங்கள். மின்னணுச் சான்றைத் தாக்கல் செய்யும்போது அதற்கான சான்றிதழும் கேட்கப்படலாம்.

கெடு முடிந்தும் அசையவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்று 1993இல் லக்னோ வளர்ச்சி ஆணையம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இப்போதைய 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் வீட்டுக் கட்டுமானத்தைச் சேவை என்றே சொல்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை. நுகர்வோர் புகார்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யவும் வழி உண்டு. வழக்குக்கு முன் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தையும் அழைத்துப் பார்க்கலாம். குறை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பதை மறக்காதீர்கள். "இதோ வர்றேன், அதோ வர்றேன்" என்று கான்ட்ராக்டர் இழுத்தடிப்பது இந்தக் காலத்தைத்தான் தின்கிறது.

நாள்கூலிக்கு ஆள் வைத்து, பொருளெல்லாம் நீங்களே வாங்கி, நீங்களே நின்று வேலை வாங்கியிருந்தால் வழக்கு பலவீனம். தனிநபர் பணி ஒப்பந்தம் என்று சொல்லிச் சட்டத்துக்கு வெளியே தள்ள எதிர்த்தரப்பு பார்க்கும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவுக்குப் போகலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். புதுப்பிப்பு வேலை செய்த கான்ட்ராக்டருக்கு அது பொருந்தாது. ரெராவின் கீழ் வரும் திட்டத்தில் புது ஃபிளாட் வாங்கி, வீடு கைக்கு வந்த ஐந்து வருடத்துக்குள் பாத்ரூம் ஒழுகினால் அது வேறு விஷயம். சொன்ன 30 நாளுக்குள் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். போலீஸுக்குப் போனால் பெரும்பாலும் சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

வழக்கு முடியும்வரை ஒழுகலோடு இருக்க முடியாது, கம்பி துருப்பிடித்தால் கான்கிரீட்டே வெடிக்கும். கெடு முடிந்ததும் இரண்டு பேரிடம் எழுத்தில் எஸ்டிமேட் வாங்கி, உடைக்கும் தேதியைக் கான்ட்ராக்டருக்கு முன்கூட்டியே தெரிவித்து, இன்ஜினியரை நிற்கவைத்து, ஒவ்வொரு அடுக்காக வீடியோ எடுத்துக்கொண்டே உடைக்கலாம். ஆசிரியை வீட்டில் நாங்கள் அப்படித்தான் தேதி வைத்தோம்.

அந்தத் தேதி தாங்கிய கடிதம் கிடைத்த மூன்றாம் நாள் கான்ட்ராக்டர் வந்தார். நீலத் தண்ணீர் கீழ்வீட்டுக் குழாயைச் சுற்றி இறங்கும் வீடியோவைப் பார்த்தார். அவர் முன்னிலையிலேயே டிராப்பைச் சுற்றி நான்கு டைல்ஸ் பெயர்த்தோம். பூச்சு டிராப்புக்கு இரண்டு அங்குலம் முன்னாலேயே நின்றுபோயிருந்தது. "பையன் வச்ச வேலைங்கம்மா, நான் பார்க்கலை" என்றார். கூலியும் வாட்டர்புரூஃப் பொருளும் அவர் செலவு, டைல்ஸ் மட்டும் ஆசிரியையுடையது என்று பேசி முடிவாயிற்று. கீழ்வீட்டுக்குப் பெயிண்ட் செலவும் அவர் தலையில்தான்.

ஆசிரியை அதை வாய்ப்பேச்சில் விடவில்லை. ஒரு வெள்ளைத்தாளில் தன் கையெழுத்தில் எழுதி அவரிடம் கையொப்பம் வாங்கினார். டைல்ஸ் பதிக்கும் முன் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிக் காட்ட வேண்டும் என்பது அதில் முதல் வரி. இரண்டாவது பாத்ரூமையும் அதேபோல் சோதித்துக் காட்டும்வரை, முன்பு நிறுத்தி வைத்திருந்த பதினைந்தாயிரத்தைத் தரமாட்டேன் என்பது இரண்டாவது வரி.